ஒரே பக்கம் சாய்ந்த மரங்கள்

"எந்த டிவிஷன்?" என்று கேட்கும்போதே நெய்னா முகம்மது அட்டையை மேசையில் விரித்துவிட்டார். எதிரே நின்ற பெண் "த்ரீ சி" என்று சொல்லி முடிப்பதற்குள் அவருடைய இடது கட்டைவிரல் நகம் அட்டையின் குறுக்கே ஒரு கோடு இழுத்தது. கத்தி அந்தக் கோட்டின் மேலேயே ஓடியது. சமமான நான்கு துண்டுகள் மேசையில் கிடந்தன. அவர் கடையில் அளவுகோல்கள் கட்டுக்கட்டாக விற்பனைக்குத் தொங்குகின்றன. அவற்றில் ஒன்றை அவர் கையில் எடுத்து நான் பார்த்ததே இல்லை.

"த்ரீ சி-க்கு ஏற்கெனவே ரெண்டு எரிமலை போயிருச்சு தங்கச்சி. மூணாவதும் எரிமலைன்னா டீச்சர் பயந்துருவாங்க. நீங்க வாட்டர் சைக்கிள் எடுத்துக்கங்க. மேகத்துக்கு நல்ல பஞ்சு வந்திருக்கு."

அந்தப் பெண் மறுபேச்சில்லாமல் சம்மதித்தார். திங்கட்கிழமை காலையில் பிள்ளை வகுப்புக்குக் கொண்டுபோக வேண்டிய அட்டை மாதிரிக்காக ஞாயிற்றுக்கிழமை மாலை ஐந்து மணிக்கு வந்து நிற்கிறவருக்கு எரிமலைதான் வேண்டும் என்று அடம்பிடிக்கும் தகுதி கிடையாது. அவருக்குப் பின்னால் இன்னும் ஆறு பேர் நின்றோம். பள்ளியின் சுற்றறிக்கை வந்து பத்து நாளாகியிருந்தது. நாங்கள் அதைத் திறந்து பார்த்தது அன்றைக்கு மதியம்தான்.

கடை துபாயில், அல் கூஸில் இருக்கிறது. ஒரு பக்கம் டயர் கடை, மறுபக்கம் கஃபெட்டீரியா, எதிரே ஓர் இந்தியப் பள்ளியின் பின்வாசல். வாசலுக்கு மேலே அரபியிலும் ஆங்கிலத்திலும் நீளமாக ஒரு பெயர் எழுதியிருக்கிறது. அதை யாரும் படித்ததில்லை. பெற்றோர்களுக்கு அது 'பாய் கடை'. சுற்றிலும் உள்ள கிடங்குகளும் பட்டறைகளும் வேண்டாமென்று கழிப்பதெல்லாம் அவருக்கு வேண்டும். ஏ.சி. வந்து இறங்கிய அட்டைப் பெட்டி, கண்ணாடியைச் சுற்றி வந்த நுரைத்தாள், விளம்பரப் பலகை செய்கிறவர்கள் நறுக்கிப் போட்ட பிளாஸ்டிக் துண்டு என்று எல்லாம் கடையின் பின்கட்டில் அடுக்கியிருக்கும். பள்ளிக்கூடத்துச் சூரியக் குடும்பத்தில் சனிக் கிரகத்தின் வளையம் ஒரு தச்சுப் பட்டறையின் குப்பைத் தொட்டியிலிருந்து வந்தது என்று அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

ஆள் ஒல்லி. நாற்பத்தெட்டு வயது. சொந்த ஊர் கீழக்கரை. துபாய்க்கு வந்து இருபத்திரண்டு வருடம், இந்தக் கடைக்கு வந்து பதினேழு வருடம். தலையில் வெள்ளைத் தொப்பி, தொப்பிக்கும் காதுக்கும் நடுவில் ஒரு பென்சில். அந்தப் பென்சில் அங்கேயே முளைத்தது என்று என் மகன் கொஞ்ச நாள் நம்பிக்கொண்டிருந்தான்.

பெற்றோர்களின் வாட்ஸ்அப் குழு எதிலும் அவர் கிடையாது. ஆனாலும் பள்ளியின் எல்லாச் சுற்றறிக்கைகளும் எங்கள் கண்ணுக்கு முன்னால் அவர் கண்ணில் பட்டுவிடும். "பாய், இதுக்கு என்னென்ன வேணும்?" என்று கேட்டு யாராவது ஒரு தாய் அனுப்பிவைத்துவிடுவார். அவர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, உதடு அசைய, ஆங்கிலத்தை ஒவ்வொரு சொல்லாகப் படித்து, சுவரில் தொங்கும் நாட்காட்டியில் குறித்துக்கொள்வார். கேஜி ஒன்றுக்கு மஞ்சள் நாள். கேஜி இரண்டுக்குப் பழ நாள். ஒன்றாம் வகுப்புக்கு 'எனக்கு உதவுகிறவர்கள்'. இரண்டாம் வகுப்புக்கு விலங்குகளின் வீடு. பிறகு கொடி நாள், தேசிய நாள். ஊரில் மழைக்கணக்குப் பார்த்து விதை வாங்கி வைப்பதுபோல, மஞ்சள் நாளுக்கு இரண்டு வாரம் முன்னாலேயே அவர் மஞ்சள் தாள், மஞ்சள் ரிப்பன், மஞ்சள் தொப்பி எல்லாம் இறக்கிவிடுவார். ஒரு வருடம் பள்ளி நிர்வாகம் மஞ்சளை ஆரஞ்சாக மாற்றியது. அந்த வருடத்தைப் பற்றி அவரிடம் பேசக்கூடாது.

அவருடைய தொழிலின் உயிர்நாடி ஒரு கேள்வியில் இருந்தது. மாதிரியைச் செய்யத் தொடங்கும் முன் எங்களை நிமிர்ந்து பார்த்து, குரலைச் சற்றுத் தாழ்த்திக் கேட்பார்.

"புள்ள செஞ்ச மாதிரி வேணுமா, நல்லா வேணுமா?"

விவரம் தெரிந்தவர்கள் 'பிள்ளை செய்த மாதிரி' என்போம். அப்படியென்றால் அவர் முதலில் எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்வார். பிறகு கெடுப்பார். ஓரத்தில் பசை ஒரு சொட்டு வழியும். ஆகாயத்தின் நீலம் கோட்டைத் தாண்டி ஒரு விரற்கடை வெளியே வரும். தலைப்பை இடது கையால் எழுதுவார், எட்டு வயதுக் கையெழுத்து அப்படியே வந்துவிடும். வரிசையாக நட்ட மரங்களில் மூன்றாவது மரத்தை மட்டும் விரலால் தட்டிச் சாய்த்துவிடுவார். அந்த மரத்தைச் சாய்க்கும்போது அவர் முகம் சுருங்குவதை நான் கவனித்திருக்கிறேன். பல்லைக் கடித்துக்கொண்டு செய்கிற காரியம் அது.

ஏனென்றால் கோணல் அவருக்கு ஆகாது. டயர் கடைச் சுவரில் தொங்கும் காலண்டரைப் போகும்போதும் வரும்போதும் நேராக்குவார். கஃபெட்டீரியாவின் விலைப்பலகையை அவர் நிமிர்த்தி வைத்துவிட்டுப் போவதை அந்தக் கடைக்காரர் பதினேழு வருடமாகப் பொறுத்துக்கொண்டிருக்கிறார். நாம் பேசிக்கொண்டிருக்கும்போது மேசையில் நம்முடைய கைபேசி குறுக்காகக் கிடந்தால் அவருக்குப் பேச்சில் கவனம் போகாது. ஒரு விரலால் அதை மேசை ஓரத்துக்கு இணையாகத் திருப்பிவிட்டுத்தான் "ஆமா, என்னா சொன்னீங்க?" என்பார்.

இந்தக் கை வேலை செய்துகொடுக்க வீட்டிலும் ஓர் ஆள் உண்டு. மர்ஜானா. நெய்னா முகம்மதுவுக்கும் பத்ருன்னிசாவுக்கும் கல்யாணமாகி ஒன்பது வருடம் கழித்துப் பிறந்த ஒரே பெண். தாயும் மகளும் ஐந்து வருடம் முன்புதான் விசா கிடைத்து இங்கே வந்தார்கள். மர்ஜானா இப்போது என் மகனோடு மூன்றாம் வகுப்பு 'சி' பிரிவில் படிக்கிறாள். பள்ளி விட்டதும் சாலையைக் கடந்து நேராகக் கடைக்கு வந்து, உயரமான ஸ்டூலில் ஏறி உட்கார்ந்து, தகப்பனார் கைகளைப் பார்த்துக்கொண்டிருப்பாள். பார்ப்பதோடு சரி. அவளுடைய பென்சிலைச் சீவுவது வாப்பா. நோட்டுக்கு அட்டை போடுவது வாப்பா. படத்துக்கு அவள் வண்ணம் தீட்டினால், விட்டுப்போன மூலைகளை நிரப்புவது வாப்பா. அவள் வகுப்புக்குக் கொண்டுபோகும் மாதிரிகளில் மட்டும் எந்த மரமும் சாய்ந்திருக்காது. மகளுக்கு என்று வரும்போது அவர் அந்தக் கேள்வியே கேட்பதில்லை, எப்போதும் 'நல்லா'தான்.

வாத்தியார் பிள்ளை மக்கு என்று சொல்லுவார்கள். அட்டை வெட்டுகிறவர் பிள்ளைக்கும் அப்படி ஒன்று உண்டு என்று யாரும் யோசிக்கவில்லை. அவர் யோசிக்கவில்லை, வாரம் தவறாமல் அந்த மேசை முன்னால் நின்ற நானும் யோசிக்கவில்லை.

விஷயம் உடைந்தது நவம்பரில், பெற்றோர் வந்து பார்க்கும் நாளில். மூன்றாம் வகுப்பு 'சி'யின் ஆசிரியை அருணா கோயம்புத்தூர்க்காரர். சத்தம் போடாதவர், அதனாலேயே பிள்ளைகளுக்கு அவரிடம் பயம். அன்றைக்கு வகுப்பின் பின்பக்கம் ஒரு நீள மேசையில் பிள்ளைகளின் மாதிரிகளை வரிசையாக வைத்திருந்தார். எரிமலை இரண்டு, நீர்ச் சுழற்சி மூன்று, பண்ணை வீடு இரண்டு, காடு இரண்டு, மலைக்கிராமம், சூரியக் குடும்பம் என்று பெற்றோர்கள் பாய் கடையில் வாங்கியவை மட்டும் பதினொன்று. வரிசையாகப் பார்த்தபோதுதான் எனக்கு விஷயம் தெரிந்தது. எரிமலை அடிவாரத்தில் மூன்றாவது மரம் வலப்பக்கம் சாய்ந்திருந்தது. பண்ணை வீட்டு வாசலிலும் மூன்றாவது மரம், அதே வலப்பக்கம். காட்டிலும் அப்படியே. எல்லாம் ஒரே அளவுச் சாய்வு. கோணலைக்கூட அளவு பிசகாமல் செய்கிற கை அது. சூரியக் குடும்பத்தில் மரம் வைக்க இடமில்லாததால் அதைக் கொண்டுவந்த பிள்ளை மட்டும் தப்பித்தது.

"எல்லாமே ஒரே ஊர்க் காத்துல வளந்த மரமாட்ட இருக்குதுங்க" என்றார் அருணா. அவ்வளவுதான் சொன்னார். திருடனுக்குத் தேள் கொட்டினாற்போல நாங்கள் பதினோரு பேரும் வாயை மூடிக்கொண்டு நின்றோம். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை.

அடுத்த வாரம் சுற்றறிக்கை வந்தது. இனி மூன்றாம் வகுப்புக்கு வீட்டிலிருந்து எந்த மாதிரியும் வேண்டாம். புதன்கிழமை கடைசி இரண்டு பாடவேளைகளில் பிள்ளைகள் வகுப்பிலேயே செய்வார்கள். வீட்டிலிருந்து காலிப் பெட்டியும் பழைய தாளும் மட்டும் கொண்டுவரலாம். தலைப்பு, 'என் ஜன்னலுக்கு வெளியே'. ஒவ்வொரு பிள்ளையும் தன் ஜன்னலிலிருந்து தெரியும் ஒரு கட்டடத்தைச் செய்ய வேண்டும். பருவம் முடிவதற்குள் இருபத்தெட்டுக் கட்டடங்களையும் சேர்த்து ஒரு தெருவாக்கி, பள்ளியின் முன்கூடத்தில் வைப்பார்கள். பெரியவர்கள் கை படக்கூடாது. கடைசி வரி தடித்த எழுத்தில் இருந்தது.

நெய்னா முகம்மது அதையும் உதடு அசையப் படித்தார். தடித்த வரியை இரண்டு முறை படித்தார். பிறகு எரிமலைக்காக வாங்கி வைத்திருந்த சிவப்புச் சாயப் புட்டிகளை மேல்தட்டுக்கு ஏற்றினார். வியாபாரம் குறையுமே என்று நான் அசட்டுத்தனமாக வருத்தம் தெரிவித்தேன். "அதெல்லாம் அல்லாஹ் பாத்துக்குவான்" என்று சொல்லிவிட்டு, பின்கட்டிலிருந்த ஒரு பெரிய பெட்டியில் துண்டு அட்டைகளையும் மிச்சத் தாள்களையும் நிரப்பி வாசலில் வைத்தார். வேண்டிய பிள்ளை வேண்டியதை எடுத்துக்கொள்ளலாம். சாயங்காலம் அந்தப் பெட்டிக்குள் பாதி உடம்பை விட்டுக்கொண்டு பிள்ளைகள் துழாவுவதைப் பார்த்தால் எனக்கே ஒரு கை போடத் தோன்றும்.

முதல் புதன்கிழமை என் மகன் கை, மூக்கு, முழங்கால் எல்லாம் பசையோடு வந்தான். எங்கள் ஜன்னலுக்கு எதிரே உள்ள லாண்டரியைச் செய்கிறானாம். கதவு உள்ளேயும் திறக்கும், வெளியேயும் திறக்கும், தானாகக் கழன்றும் விழும். எல்லோரும் என்ன செய்தார்கள் என்று கேட்டேன். ஒவ்வொரு பெயராகச் சொல்லிக்கொண்டு வந்தவன், மர்ஜானா ஒன்றும் செய்யவில்லை என்றான். பெட்டியை முன்னால் வைத்துக்கொண்டு கையை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தாளாம். ஏன் என்றதற்கு, "அவ வெயிட் பண்ணிட்டு இருந்தா மம்மி" என்றான். யாருக்காக என்று நான் கேட்கவில்லை. எனக்குத் தெரிந்தது.

இரண்டாவது புதனும் அப்படியே போனது. மூன்றாவது புதனன்று காலையில் அவளுக்கு வயிற்றுவலி வந்தது. நான்காவது புதனும் வயிற்றுவலி. வியாழக்கிழமை காலையில் அவள் ஆரோக்கியமாகத் தோசை சாப்பிடுவதைப் பார்த்துப் பத்ருன்னிசாவுக்குச் சந்தேகம் வந்து, அருகில் உட்கார்த்தி மெதுவாக விசாரித்திருக்கிறார். எனக்கு வெட்டத் தெரியாது, நான் வெட்டினால் அசிங்கமாக வரும், எல்லார் வீடும் தெருவில் இருக்கும், என் வீடு மட்டும் இருக்காது, அதனால் தெரு வைக்கிற அன்றைக்கும் நான் பள்ளிக்குப் போகமாட்டேன் என்று பிள்ளை ஒரே மூச்சில் சொல்லி அழுதிருக்கிறது.

இதைப் பத்ருன்னிசா கடையில் வைத்து என்னிடம் சொல்லும்போது நெய்னா முகம்மது முதுகைக் காட்டிக்கொண்டு பென்சில் பெட்டிகளை அடுக்கினார். ஏற்கெனவே நேராக இருந்த பெட்டிகள். பாவமாக இருந்தது. அன்பைத் தவிர வேறு குற்றம் செய்யாத மனிதர்.

அந்த வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்து வீட்டுக்குப் போனதும், ஒரு தேயிலைப் பெட்டியையும் கத்தரிக்கோலையும் மகள் முன்னால் வைத்து, நீயே வெட்டு, வாப்பா தொடமாட்டேன் என்று எதிரே உட்கார்ந்தாராம். கை தன் பேச்சைக் கேட்காது என்று தெரிந்து இரண்டையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டாராம். பிள்ளை அழுதுகொண்டே வெட்டியது. ஒரு பக்கம் முடித்தது. இரண்டாவது பக்கம் கோடு விலகி அலையலையாகப் போனது. அவர் பொறுத்தார். மூன்றாவது பக்கமும் விலகியது. அதற்குமேல் முடியவில்லை. "இந்த ஓரத்த மட்டும்" என்று கத்தரிக்கோலை வாங்கினார். ஓரம் மட்டும் என்று தொடங்கிய கை, பெட்டியை வீடாக்கி, கூரை போட்டு, ஜன்னல் திறந்துதான் நின்றது. ஐந்து நிமிட வேலை.

மர்ஜானா அந்த வீட்டை எடுத்துக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு எழுந்து போய்க் குப்பைக் கூடையில் போட்டாள்.

"இது உங்க வீடு வாப்பா" என்றாளாம். கோபமாகக்கூட இல்லை என்றார் பத்ருன்னிசா. அதுதான் அந்த மனிதரை உலுக்கியிருக்க வேண்டும். மறுநாள் கடையில் அவர் என்னிடம், "என் கையே எனக்குத் துஷ்மன் ஆகிப்போச்சு தங்கச்சி" என்றார்.

அந்தச் சனிக்கிழமை மாலையே அருணா கடைக்கு வந்தார். பசை வாங்க வந்ததாகச் சொன்னார். நெய்னா முகம்மது குற்றவாளி போல எழுந்து நின்று, கஃபெட்டீரியாவிலிருந்து கரக் என்கிற கெட்டிப் பால் தேநீர் வரவழைத்தார். நான் கிளம்பப் பார்த்தேன். நீங்களும் இருங்கள், நீங்களும் பதினொன்றில் ஒருவர்தானே என்று அருணா சிரித்தார். அசடு வழிய உட்கார்ந்தேன்.

அருணா தேநீரைக் குடித்துவிட்டுச் சுற்றி வளைக்காமல் சொன்னார். "உங்க பொண்ணுக்கு வெட்டத் தெரியாம இல்லைங்க பாய். கோணலா வந்துருமோன்னு பயம். பொறந்ததுல இருந்து அவ நேரானத மட்டுந்தான் பாத்திருக்கா."

நெய்னா முகம்மது மேசையில் இருந்த தேநீர்க் கோப்பைகள் இரண்டையும் ஒரே கோட்டில் நகர்த்தி வைத்தார்.

புதன்கிழமை வகுப்புகளுக்கு ஒவ்வொரு வாரமும் இரண்டு பெற்றோர் உதவிக்கு வருவது வழக்கம். கடைசிப் புதனுக்கு நீங்கள் இருவரும் வாருங்கள் என்றார் அருணா. உதவி என்றால் சிந்தியதைத் துடைப்பது, பசை மூடியைத் திறந்து தருவது. பிள்ளைகள் செய்வதைத் தொடக்கூடாது. சும்மா உட்காரவும் கூடாது. வகுப்புக்குள் வருகிற பெரியவர்களும் ஆளுக்கு ஒரு கட்டடம் செய்ய வேண்டும், வகுப்பில் இருக்கிற கத்தரிக்கோலால். அதுதான் நிபந்தனை. நெய்னா முகம்மது தலையாட்டினார். செய்கிற வேலை என்றதும் அவர் முகத்தில் கொஞ்சம் தெம்பு வந்ததை நான் பார்த்தேன்.

புதன்கிழமை அவர் இஸ்திரி போட்ட சட்டையில் வந்தார். பதினேழு வருடம் எதிரே கடை வைத்திருந்தவர், கட்டணம் கட்டும் ஜன்னலைத் தாண்டி அந்தப் பள்ளிக்குள் போனதில்லையாம். வாசலில் அடையாள அட்டையைக் கொடுத்துவிட்டு 'வருகையாளர்' என்ற பட்டியைக் கழுத்தில் மாட்டிக்கொண்டோம். அது சரியாக நடுநெஞ்சில் தொங்குகிறதா என்று நடைவழி நெடுகச் சரிபார்த்துக்கொண்டே வந்தார். சுவரெல்லாம் பிள்ளைகளின் படங்கள், பாதி கோணலாக ஒட்டியவை. அவர் கை இரண்டு முறை நீண்டு மடங்கியது.

வகுப்பில் எங்களுக்குக் கிடைத்தவை முழங்கால் மோவாயில் இடிக்கும் குட்டி நாற்காலிகள். மர்ஜானாவின் மேசையிலேயே அவருக்கு இடம். அதன் பக்கத்து ஜன்னலிலிருந்து பாய் கடை தெரிந்தது. அன்றைக்கு வயிற்றுவலி வரவில்லை. வாப்பா வருகிறார் என்பதால் வந்திருந்தாள், ஆனால் கை மடியில்தான் இருந்தது. முன்னால் ஒரு சிவப்புத் தேயிலைப் பெட்டி வெட்டப்படாமல் நின்றது. மற்ற பிள்ளைகளின் கட்டடங்கள் ஏறக்குறைய முடிந்துவிட்டன. ஒரு பள்ளிவாசல், நான்கு அடுக்குமாடிகள், மெட்ரோ நிலையம், ஒட்டகம் நிற்கும் பெட்ரோல் பங்க். ஒட்டகம் ஜன்னலிலிருந்து தெரியுமா என்று அருணா கேட்டாராம். நினைத்தால் தெரியும் என்று அந்தப் பிள்ளை சொல்லியிருக்கிறது. உஸைர் என்ற பையன் தன் ஜன்னலுக்கு எதிரே உள்ள தொழிலாளர் குடியிருப்பைச் செய்து, மாடியில் உலரும் சட்டைகளையெல்லாம் நிஜத் துணியில் வெட்டித் தொங்கவிட்டிருந்தான்.

எங்களுக்கும் ஆளுக்கொரு பெட்டியும் கத்தரிக்கோலும் வந்தன. பிள்ளைகளின் கத்தரிக்கோல். முனை மழுங்கியது, பிடி பச்சை பிளாஸ்டிக், துளை என் சுண்டுவிரலுக்கே இறுக்கம். நெய்னா முகம்மது கட்டைவிரலை நுழைத்துப் பார்த்தார், முதல் கணுவோடு நின்றுவிட்டது. பழக்கதோஷத்தில் நகத்தால் ஒரு கோடு இழுத்தார். அந்தக் கோட்டில் கத்தரிக்கோலை வைத்து அழுத்தினார். அட்டை வெட்டுப்படாமல் அதன் வாயில் மடங்கிக்கொண்டது. பலமாக அழுத்தினார். தடித்த அட்டை நடுவில் கிழிந்து, நாய் கடித்தது போல ஓர் ஓரம் தொங்கியது.

அது நடிப்பில்லை. பிள்ளைக்காக வேண்டுமென்றே கெடுத்தார் என்று பிறகு சிலர் சொன்னார்கள். நான் பக்கத்து மேசையில் இருந்தேன், அவர் நெற்றியில் வேர்த்ததைப் பார்த்தேன். ஏ.சி. போட்ட அறையில் அந்த மனிதருக்கு வேர்த்தது. கிழிந்த அட்டையை மேசைக்கு அடியில் ஒளிக்கப் பார்த்தார்.

மர்ஜானா பார்த்துவிட்டாள். அடியில் குனிந்து, அவர் கையிலிருந்து அதை வாங்கி, மேசை மேல் வைத்து, கிழிந்த ஓரத்தை விரலால் தடவினாள். வாப்பாவின் கையிலிருந்து இப்படி ஒன்று வரும் என்று அவளுக்கு யாரும் சொன்னதில்லை.

"வாப்பா, உங்களுக்கும் கோணலாத்தான் வருது" என்றாள்.

"ஆமாம்மா" என்றார்.

முதலில் அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு பொத்திய கைக்குள்ளேயே சிரிப்பு வந்தது. தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்தாள். எதிரே இருந்த உஸைரும் எட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தான். எதற்கென்று தெரியாமலே அந்த மேசை முழுவதும் சிரித்தது. என்னவோ ஏதோ என்று அருணா திரும்பிப் பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் கரும்பலகைப் பக்கம் போய்விட்டார். சிரித்து முடித்து மூக்கை உறிஞ்சிக்கொண்டு, மர்ஜானா தன் பச்சைக் கத்தரிக்கோலை எடுத்தாள். அது அவள் விரலுக்குச் சரியாக இருந்தது.

அடுத்த முக்கால் மணி நேரம் நான் மூன்று முறை பசை துடைத்தேன், ஒரு சண்டையை விலக்கினேன், என் கட்டடத்தைக் கைவிட்டேன். நெய்னா முகம்மது எழுந்திருக்கவில்லை. கிழிந்த அட்டையில் அவரும் ஏதோ செய்துகொண்டிருந்தார், கண் மட்டும் அடிக்கடி பக்கத்துக்குப் போய் வந்தது. மர்ஜானா மெதுவாக, நாக்கை ஓரமாக நீட்டிக்கொண்டு வெட்டினாள். ஓர் ஓரம் அலையாகப் போனது. நின்று பார்த்தாள். வாப்பாவின் அட்டையையும் பார்த்தாள். மறுபடி வெட்டினாள். ஒருமுறை சாளரத்தை அடியில் வெட்டிவிட்டு, அதையே வாசலாக்கிக்கொண்டாள். நான் கவனித்தவரை யாரையும் ஒன்றும் கேட்கவில்லை.

கடைசி மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது அருணா கட்டடங்களை நீள மேசைக்குக் கொண்டுவரச் சொன்னார். பிள்ளைகள் முட்டி மோதிக்கொண்டு ஓடினார்கள். லாண்டரிக்குப் பக்கத்தில் பள்ளிவாசல், அதற்குப் பக்கத்தில் மெட்ரோ, அப்புறம் ஒட்டகம். எந்த ஊரிலும் இல்லாத ஒரு தெரு நீண்டுகொண்டே போனது. இருபத்தேழு கட்டடங்கள் வந்துவிட்டன. தொழிலாளர் குடியிருப்புக்கும் என் மகனின் கதவில்லாத லாண்டரிக்கும் நடுவில் ஒரு பெட்டி அளவுக்கு இடம் காலியாக இருந்தது.

மர்ஜானா தன் கட்டடத்தை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு எழுந்தாள். மேசைக்குப் போகும் முன் வாப்பா முன்னால் நின்றாள். சிவப்புத் தேயிலைப் பெட்டியில் ஒரு கடை. நிறைய பசை. ஷட்டர் பாதி இறங்கி நின்றது. வாசலில் ஒரு குட்டிப் பெட்டி, அதற்குள் வண்ணக் காகிதத் துணுக்குகள். உள்ளே ஒரு மனிதர், தலையில் வெள்ளையாக ஏதோ இருந்தது. கூரை மட்டும் வலப்பக்கமாக நன்றாகச் சாய்ந்து, விழவா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தது.

"வாப்பா, நேரா இருக்கா?"

நெய்னா முகம்மதுவின் இடது கை மேசைக்கு மேலே வந்தது. கட்டைவிரல் நீண்டது. கூரைக்கு ஓர் அங்குலம் முன்னால் நின்றது. அவர் அந்தக் கையை மெல்லப் பின்னுக்கு இழுத்து, முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய், மற்றக் கையோடு கோத்துக்கொண்டார். பிறகு அந்தக் குட்டி நாற்காலியில் உட்கார்ந்தபடியே தலையை வலப்பக்கமாகச் சாய்த்தார். கூரை எவ்வளவு சாய்ந்திருந்ததோ அவ்வளவு. தொப்பியோரத்திலிருந்த பென்சில் நழுவித் தரையில் விழுந்து உருண்டது. அவர் அதைப் பார்க்கவில்லை.

"நேராத்தாம்மா இருக்கு" என்றார், தலையை நிமிர்த்தாமலே.